புளித்த மண்

செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜாக்கோட்டையை ஏறி இறங்குவதற்குள் தொடை நடுங்கிப்போய், சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ராணிக்கோட்டையைக் கீழே நின்றே படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். 2025 ஜூலையில் மராட்டியர் காலத்துக் கோட்டைகள் 12 யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். அதற்குப் பிறகு கூட்டம் கூடியிருக்கிறது. ஆனால் ராணிக்கோட்டை உச்சியில் இன்றும் காற்றும் குரங்குகளும்தான். ஏட்டில் அதற்குக் கிருஷ்ணகிரி என்று பெயர். மேலே கோயில்களும் களஞ்சியங்களும் இருக்கின்றன. கூடவே, கட்டி எழுப்பிய தொட்டிகளைக் காட்டி, இது எண்ணெய்க் கிணறு, இது நெய்க் கிணறு என்பார்கள் ஊரார்.

சின்ன வயதில் அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "உள்ளே மல்லாட்டை எண்ணெயா இருந்திச்சி?" என்று ஆயாவைக் கேட்டேன். மணிலாக்கொட்டை எங்கள் பக்கத்து வாயில் மல்லாக்கொட்டையாகி மல்லாட்டையாகிவிட்டது. ஆயா, "ஆமா, பின்ன?" என்றாள். அவளுக்கு எண்ணெய் என்றாலே அதுதான். சிவாஜி கோட்டையைப் பிடித்தது 1677இல். ராஜாராம் உள்ளே இருக்க, மொகலாயப் படை வெளியே வளைத்துக்கொண்டு கிடந்தது 1690 முதல் 1698 வரை. அந்தக் கிணற்றில் எண்ணெய் இருந்திருந்தால் அது எள்ளாகவோ ஆமணக்காகவோ இலுப்பையாகவோ இருந்திருக்கும். மல்லாட்டை தென் அமெரிக்கச் செடி. தென்னாற்காட்டு மேட்டு நிலத்தை அது பிடித்துக்கொண்டது 19ஆம் நூற்றாண்டில்தான். அப்போது பாண்டிச்சேரித் துறையிலிருந்து கப்பல் கப்பலாக மார்செய்க்குப் போய் பிரெஞ்சுக்காரனுக்கு எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆனது. செஞ்சியிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வந்தது. இந்தியா முழுக்க மானாவாரிக்காரர்கள் விதைத்த டி.எம்.வி. 2 என்ற ரகம் 1940இல் அங்கிருந்து போனதுதான். டி.எம்.வி. என்றால் திண்டிவனம், பெயரிலேயே ஊர் இருக்கிறது.

நான் எழுத உட்கார்ந்தது மல்லாட்டையைப் பற்றி அல்ல, மண்ணைப் பற்றி. ஆனால் எங்கள் ஊரில் அந்த மண்ணுக்குப் போகிற வழி எண்ணெய்ச் செக்கு வழியாகத்தான்.

ஆயா காலத்தில் மல்லாட்டையைக் காயவைத்து, உடைத்து, பருப்பைச் செட்டியார் வீட்டுச் செக்குக்குத் தூக்கிப் போவோம். மாடு சுற்றும். உலக்கை முனகும். இடையிடையே செட்டியார் ஒரு கை தண்ணீர் தெளிப்பார். எண்ணெய் வெளியே வரும்போது தெளிவாக வராது; கூழ் போல, மண்ணிறமாக, நுரையோடு வரும். அதைத் தகர டின்னில் பிடித்து வந்து, வாயில் மெல்லிய துணி கட்டி முற்றத்து வெயிலில் வைப்பாள் ஆயா. "மூணு நாளு ஒக்காரணும்டா. ஒக்காராத எண்ணெயில அதிரசம் சுட்டா பொங்கிக்கிட்டு அடுப்புல ஊத்திடும்" என்பாள். மூன்றாம் நாள் அசக்காமல் தூக்கி, மேலே தெளிந்ததை மட்டும் ஜாடியில் சாய்ப்பாள். அடியில் விரல்கடை உயரத்துக்கு மண்டி நிற்கும். அதையும் கொட்டமாட்டாள். கதவுக் கீலுக்கு, ஏற்றச் சாலுக்கு, மாட்டுக் கொம்புக்கு என்று அதற்கும் ஆள் இருந்தது.

அவள் சொன்ன பொங்கலுக்கு வேதியியல் இருக்கிறது. செக்கு எண்ணெயில் கொஞ்சம் ஈரமும், பாஸ்ஃபோலிப்பிட் என்கிற பிசினும் மிதக்கும். சூட்டில் அவைதான் நுரைக்கின்றன. வெயிலில் உட்கார வைத்தால் அதில் ஒரு பகுதி கனத்து அடியில் இறங்கிவிடும். கனமில்லாதது இறங்காது. நிறம் இறங்காது, வாசனை இறங்காது, பழசான எண்ணெயின் சிக்கு வாடையும் இறங்காது. அதனால்தான் எண்ணெய் வாங்குவதென்றால் முதலில் மூக்கால் வாங்கினார்கள், பிறகு கண்ணால். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து முகர்ந்துவிட்டு, "இது போன வருசத்துப் பருப்பு" என்று செட்டியாரிடமே ஆயா வாதாடியதைப் பார்த்திருக்கிறேன். செட்டியார் தலையைச் சொறிந்துகொண்டு விலையைக் குறைத்தார்.

இன்று அதே தெருவில் எந்த வீட்டுச் சமையலறையிலும் இரண்டு எண்ணெய் இருக்கும். ஒன்று ரேஷன் கடையில் 25 ரூபாய்க்கு வாங்கிய பாமாயில். இன்னொன்று கடைப் பாக்கெட்டில் வந்த ரீஃபைண்ட். கொஞ்சம் வசதி இருந்தால் மூன்றாவதாக, மோட்டார் சுற்றுகிற புது 'மரச்செக்கு'க் கடையிலிருந்து ஒரு லிட்டர். மல்லாட்டை இன்னமும் விளைகிறது, மார்க்கெட் கமிட்டிக்கு மூட்டை மூட்டையாக வருகிறது, ஏலம் போகிறது, லாரி ஏறுகிறது. ஆலைக்குப் போய் எண்ணெயாகித் திரும்பி வரும்போது விளைவித்தவனுக்கே அது அடையாளம் தெரியாது. நிறமில்லை, மணமில்லை, மண்டியில்லை. பாமாயிலின் கதை இன்னும் வேடிக்கை. செம்பனைப் பழத்தைப் பிழிந்த எண்ணெய் குங்குமக் குழம்பு மாதிரி சிவந்திருக்கும். அது வெளிர் மஞ்சளாகி நம் வாணலிக்கு வருகிறது. நடுவில் அந்த நிறம் எங்கே போயிற்று?

ஒரு பகுதி சூட்டில் அழிந்தது, மீதி மண்ணுக்குப் போயிற்று. உணவு விதிகளில் ரீஃபைண்ட் எண்ணெய்க்கு எழுதியிருக்கும் இலக்கணத்திலேயே இது இருக்கிறது. எண்ணெயின் புளிப்பை நீக்கிய பிறகு உறிஞ்சும் மண்ணாலோ கரியாலோ வெளுக்கலாம், நீராவியால் வாடை எடுக்கலாம், வேறு ரசாயனம் எதுவும் சேர்க்கக்கூடாது என்கிறது விதி. மண் ரசாயனக் கணக்கில் சேராது. அந்த மண்ணுக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்பது வேறு கதை.

ஆலைக்காரர்கள் அதைப் பிளீச்சிங் எர்த் என்கிறார்கள். எனக்கு அதைக் காட்டியவர் எங்கள் ஊரில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஒரு சார். முன்னாள் மாணவர் ஒருவர் கொடுத்ததாக ஊறுகாய்ப் பாட்டிலில் ஒரு பிடி வைத்திருந்தார். வெளிறிய சாம்பல் நிறம், விபூதியை விட நைசு. "நாக்கில வெச்சுப் பாருங்க தம்பி, ஒண்ணும் ஆகாது" என்றார். மிளகளவு வைத்தேன். நாக்கைப் பிடித்து இழுப்பது போல ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு லேசான புளிப்பு. மண் புளிக்குமா? ஈரமான நீல லிட்மஸ் தாளில் தூவிக் காட்டினார். தாள் சிவந்தது.

செக்குக் கடை எண்ணெய் கால் லிட்டரைச் சட்டியில் ஊற்றி, வெப்பமானி 100 டிகிரியைத் தொடும் வரை சூடாக்கினார். அரைத் தேக்கரண்டிப் பொடியைப் போட்டார். சட்டி சற்றே சலசலத்தது, மண்ணில் இருந்த ஈரம் போகிற சத்தம். இருபது நிமிடம் கண்ணாடிக் குச்சியால் கிளறிக்கொண்டே இருந்தோம். பிறகு வடிதாளில் ஊற்றினோம். சொட்டுச் சொட்டாக இறங்கியது. வடிவதற்கே மின்விசிறிக்குக் கீழே முக்கால் மணி நேரம் ஆனது, நடுவில் இரண்டு காபி. கீழே கிளாஸில் சேர்ந்ததையும் போடாததையும் ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தோம். ஒன்று தேன், ஒன்று வெந்நீரில் எலுமிச்சை. முகர்ந்தால் மல்லாட்டை வாசனை மங்கியிருந்தது. அதற்குப் பதிலாக ஒரு மண்வாடை. ஆலையில் 230 டிகிரிக்கு மேல் நீராவி விட்டு அந்த வாடையையும் எடுத்துவிடுவார்கள் என்றார் சார்.

"இதே வேலையை நம்ம ஊர் மண்ணு செய்யாதா சார்?" என்று கேட்டேன்.

செய்யாது. செஞ்சி மலைப் பாறை சிதைந்து உண்டாகும் செம்மண்ணில் இருக்கும் களிமம், அதாவது களிமண்ணின் கனிமம், பெரும்பாலும் கயோலினைட். அதன் தகடுகள் ஒன்றோடொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். பானை செய்ய நல்லது, எண்ணெய்க்கு உதவாது. வேண்டியது மாண்ட்மோரில்லோனைட் என்கிற வகை. கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடித்து மழையில் சேறாக உப்புகிறதே, அந்தக் குணத்துக்குக் காரணமான அதே களிமம். இது மிகுந்த களிமண்ணுக்கு வியாபாரப் பெயர் பெண்டோனைட். தக்காணத்து எரிமலைப் பாறை மட்கி உண்டான பெண்டோனைட் குஜராத்தின் கட்ச் பகுதியில் பெருமளவில் வெட்டப்படுகிறது. பெண்டோனைட் என்ற பெயரின் அடியிலும் ஒரு கோட்டை இருக்கிறது. அமெரிக்காவின் பெண்டன் கோட்டைப் பெயரைப் பெற்ற பாறையடுக்கில் கிடைத்ததால் 1898இல் வந்த பெயர் அது. கோட்டைக்காரர்களுக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

இந்தக் களிமத்தின் ஒவ்வொரு தகடும் ஒரு நானோமீட்டர் கனம். தலைமுடி ஒன்றின் தடிமனுக்குள் ஏறக்குறைய 70 ஆயிரம் தகடுகளை அடுக்கலாம். இரண்டு சிலிக்கா விரிப்புக்கு நடுவே ஓர் அலுமினா விரிப்பு. அலுமினியம் உட்கார வேண்டிய சில இடங்களில் மக்னீசியம் உட்கார்ந்திருப்பதால் தகடு முழுக்க எதிர் மின்னேற்றம் மிச்சப்படும். அதைச் சரிக்கட்டத் தகடுகளுக்கு இடையில் சோடியமோ கால்சியமோ வந்து தங்கும். அவை வாடகைக்கு இருப்பவை, சொந்தக்காரர்கள் அல்ல. வேறு நேர்மின் அயனி வந்து நெருக்கினால் காலி செய்துவிடும். மண்ணை மாற்றுகிற வேதியியல் பெரும்பாலும் இந்த வாடகைதாரர்களை மாற்றுவதில்தான் தொடங்குகிறது.

எங்கள் ஊர் வண்ணார்கள் வெள்ளாவிக்கு வாரி வந்த உவர்மண்ணில் சோடாவும் உப்பும் தானாகவே பூத்திருக்கும். செஞ்சிக் கோட்டையின் கல்யாண மகாலில் மேல்தளங்களுக்குத் தண்ணீர் ஏற்றியவை சுட்ட மண் குழாய்கள். அன்று மண்ணை இருந்தபடியே வாரினார்கள், இல்லையென்றால் நெருப்பில் சுட்டார்கள். இப்போது அமிலத்தில் வேகவைக்கிறார்கள்.

கந்தக அமிலமோ ஹைட்ரோகுளோரிக் அமிலமோ சேர்த்துக் கொதிக்கும் பக்குவத்தில் சில மணி நேரம் வைத்தால், முதலில் சோடியமும் கால்சியமும் வெளியேறி அந்த இடத்தில் ஹைட்ரஜன் அயனி குடியேறும். அதோடு நிற்காமல் அமிலம் தகட்டின் ஓரத்திலிருந்து உள்ளே அரித்து, நடு விரிப்பில் இருக்கும் அலுமினியத்தையும் இரும்பையும் மக்னீசியத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுக்கும். இறுக மூடியிருந்த புத்தகத்தின் ஓரங்களைச் செல்லரித்தது போலத் தகடுகள் விரிந்து துளைகள் உண்டாகும். வேகாத மண்ணில் ஒரு கிராமுக்கு 2 சென்ட் நிலத்தளவு பரப்பு இருந்தால், வெந்த பிறகு 5, 6 சென்ட் ஆகிவிடும். ஒரு கிராமுக்கு! இந்த விலைவாசியில் நிலத்தை இப்படிப் பெருக்கத் தெரிந்தவன் பாக்கியவான்.

ஆனால் பதம் தவறக்கூடாது. அமிலம் கூடிவிட்டால், நேரம் நீண்டுவிட்டால், நடு விரிப்பு முழுக்கக் கரைந்து வெறும் சிலிக்கா எலும்புக்கூடுதான் மிஞ்சும். பிடிக்கும் சக்தியும் விழுந்துவிடும். அரைகுறையாக அரிக்கப்பட்ட நிலைதான் அதன் உச்சம். பதம் பார்த்து நிறுத்தி, கழுவி, உலர்த்தி, அரைத்து மூட்டை கட்டுகிறார்கள். ஜெர்மனியின் பவேரியாவில் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிலாக வளர்ந்த முறை இது. அடிப்படை இன்றும் அதேதான்.

எண்ணெயில் இருப்பதை இந்த மண் பிடித்துக்கொள்வதைப் பாடப்புத்தகம் பரப்புக் கவர்தல் என்கிறது. இட்லி சாம்பாரைக் குடிப்பது உறிஞ்சுதல். விபூதி நெற்றியில் ஒட்டுவது பரப்புக் கவர்தல். அமிலம் உண்டாக்கிய புளிப்பு இடங்களில் கரோட்டினும் பச்சையமும் போய் ஒட்டிக்கொள்கின்றன. மிச்சமிருந்த பிசின், சோப்புத் துகள், எண்ணெயைச் சீக்கிரம் கெடுக்கும் இரும்பு, செம்பு அணுக்கள் எல்லாம் கூடவே போகின்றன. ஒரு டன் எண்ணெய்க்கு 5 கிலோவிலிருந்து 20 கிலோ வரை மண் போதும். ஆயாவின் மூன்று நாள் வெயிலுக்கு இங்கே அரை மணி நேரம்.

இதில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. சிக்கு வாடைக்கு முந்திய நிலையில் எண்ணெயில் பெராக்சைடுகள் சேரும். புளித்த மண் அவற்றையும் சிதைத்துவிடும். அதாவது அழுக்கை எடுக்கிற அதே கையால் இந்த மண் எண்ணெயின் சாட்சியையும் எடுத்துவிடுகிறது. போன வருசத்துப் பருப்பு என்று ஆயா எதை வைத்துச் சொன்னாளோ அந்த நிறம் இப்போது வடிகட்டித் துணியில் தங்கிவிடுகிறது, மணம் நீராவியோடு போய்விடுகிறது. நல்ல பருப்பிலிருந்து வந்ததும் நொந்த பருப்பிலிருந்து வந்ததும் பாக்கெட்டுக்குள் ஒரே முகத்தோடு நிற்கின்றன. மூக்குக்கு வேலையில்லை. லேபிளை நம்ப வேண்டியதுதான்.

சரி, அப்படியானால் செக்குதான் உத்தமம் என்று முடித்துவிடலாமா? அவசரப்படக் கூடாது. மூக்குக்கும் கண்ணுக்கும் எட்டாத ஒன்றும் மல்லாட்டையில் உண்டு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் சில மாதங்களில் செத்து விழுந்தன. தேடிப்போனதில், தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டு மல்லாட்டைப் பிண்ணாக்கு மாட்டியது. அதில் வளர்ந்த ஆஸ்பெர்கில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணம் சுரந்த நஞ்சுக்கு அஃப்லடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். ஈரலைக் கெடுப்பது, புற்றுநோய் தருவது. நேரடியாகச் சாப்பிடும் மல்லாட்டையில் இது கிலோவுக்கு மொத்தம் 4 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது ஐரோப்பா. ஒரு டன்னுக்கு 4 மில்லிகிராம். காய் பிடிக்கும்போது மழை பொய்த்தாலும், பிடுங்கிய பிறகு மழை நனைத்தாலும் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். இரண்டும் எங்கள் மானாவாரிக் காட்டுக்குப் பழக்கமானவைதான்.

இந்த நஞ்சில் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும், கொஞ்சம் எண்ணெயோடு வரும். செக்கு எண்ணெயில் அது அப்படியே இருக்கும். காரத்தால் சுத்தம் செய்து புளித்த மண்ணில் வெளுக்கும்போது ஏறக்குறைய முழுவதும் போய்விடுகிறது. ஆயாவின் கைப்பக்குவத்தைப் பற்றி உருகி எழுதுகிற எனக்கே இது சங்கடமான செய்திதான். பூத்துப்போன கொட்டையை அவள் எண்ணெய்க்கு விடமாட்டாள், பொறுக்கித் தனியே வைப்பாள். ஆனால் அந்தக் கொட்டை எங்கே போகும்? "மாட்டுக்குப் போடு, வீணாப் போவுது." மாட்டின் உடம்பில் அந்த நஞ்சு சற்றே உருமாறிப் பாலில் வரும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பாலைக் குடித்து வளர்ந்தவர்கள்தான் நாங்கள்.

இங்கேயும் மண்தான் வந்து நிற்கிறது, வேறு வேடத்தில். 1980களின் பிற்பாதியில் அமெரிக்காவின் டெக்சஸில் ஆராய்ந்தவர்கள், இதே களிம வகையில் தேர்ந்தெடுத்த ஒன்றைத் தீவனத்தில் சிறிதளவு கலந்தால், அது குடலிலேயே அஃப்லடாக்சினைப் பிடித்துக்கொண்டு சாணத்தோடு வெளியேறிவிடுவதைக் காட்டினார்கள். நஞ்சின் மூலக்கூறு தட்டையானது. தகடுகளின் இடுக்கில் போய்ப் படுத்துக்கொள்கிறது. வாடகைக்கு இருக்கும் அயனி எது என்பதைப் பொறுத்து அந்தப் பிடிப்பு கூடும், குறையும். கோழிப்பண்ணைக்காரர்கள் தீவனத்தில் சேர்க்கும் 'டாக்சின் பைண்டர்' மூட்டைகள் பலவற்றில் இருப்பது இந்த மண்தான்.

வாடகைதாரரை மாற்றும் வித்தை இன்னும் நீள்கிறது. தலைக்குத் தேய்க்கும் கண்டிஷனரில் இருக்கும் ரசாயனத்தின் உறவுக்காரனை உள்ளே குடியேற்றினால், தண்ணீருக்கு உயிரை விடும் களிமண் தண்ணீரை வெறுத்து எண்ணெய்ப் பசையைத் தேட ஆரம்பிக்கும். கழிவுநீரில் மிதக்கும் எண்ணெயைப் பிடிக்க அது உதவும். லாந்தனம் என்ற உலோகத்தை ஏற்றினால் ஏரித் தண்ணீரில் பாசியைக் கொழுக்கவைக்கும் பாஸ்பேட்டை இறுக்கிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் 1990களில் உருவாக்கியது அது.

வேலை முடிந்த மண்ணை என்ன செய்வது என்பதற்குத்தான் யாரிடமும் நேரான பதில் இல்லை. வடிகட்டியில் மிஞ்சும் மண் தன் எடையில் கால் பங்குக்கு எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும். அகலமாக விரிந்த பரப்பில் மெல்லிசாக எண்ணெய், சுற்றிலும் காற்று. குவித்துப் போட்டால் தானாகவே சூடேறிப் புகைந்து தீப்பிடிக்கும். செங்கல் சூளைக்கும் சிமெண்ட் ஆலைக்கும் கொஞ்சம் போகிறது, மீதி எங்கேயோ குவிகிறது. மண்டியைக் கதவுக் கீலுக்கு விட்ட ஆயாவின் சிக்கனத்தை இந்த அளவில் யாரும் இன்னும் எட்டவில்லை.

அன்று சாரும் வடிதாளைக் குப்பையில் போடவில்லை. பழுப்பேறிப் பிசுபிசுத்திருந்த அந்தப் பொடியைத் தாளோடு மடித்து, ஒரு அலுமினியச் சட்டியில் தண்ணீர் ஊற்றி அதில் அமுக்கினார். "இவ்ளோண்டுதானே சார்?" என்றேன். "இவ்ளோண்டுதான். பொண்டாட்டி வீட்டுல இல்லாத நேரம் பார்த்து அடுப்பு பக்கம் புகைஞ்சா யாரு பதில் சொல்றது?" என்று சிரித்தார்.

மறுநாள் காலையில் வெப்பமானியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சட்டி முற்றத்துத் துளசி மாடத்தருகே அப்படியே இருந்தது. பொடி அடியில் படிந்து கிடந்தது. மேலே தண்ணீரில் ஐந்து பைசா அகலத்துக்கு ஒரு எண்ணெய் வட்டம் மிதந்தது. குனிந்து முகர்ந்து பார்த்தேன். மல்லாட்டை வாசனை.